ஆங்கிலம் ஏன் ஊருக்கொரு விதமாக இருக்கிறது?

ஐரோப்பாவின் ஓரத்துத் தீவொன்றில் பேசப்பட்ட மொழி உலகெங்கும் பரவியது எப்படி, பரவிய இடங்களில் வெவ்வேறு விதமாக மாறியது ஏன், அவற்றுள் சரியான ஆங்கிலம் எது என்று மூன்று கேள்விகளை அடுக்கிக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஆங்கிலம் ஓர் ஊருக்கு யாருடைய வாயில் வந்தது, வந்த காலத்தில் அந்த ஊரார் என்ன மொழி பேசினார்கள், அதை அவர்கள் தெருவில் விளையாடியபடி பிடித்துக்கொண்டார்களா, அடிமைத் தோட்டத்தில் திரட்டிக்கொண்டார்களா, பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் படித்தார்களா என்பதை அறிந்தால் அந்த ஊர் ஆங்கிலத்தின் போக்கை ஏறக்குறைய ஊகித்துவிடலாம். எது சரி என்ற கேள்விக்கு அதன் பிறகுதான் பொருள் உண்டாகும் என்பதால் அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

1600ஆம் ஆண்டின் கடைசி நாளில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் அரசி பட்டயம் வழங்கியபோது இங்கிலாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 40 லட்சம்தான். பக்கத்திலேயே இருந்த வேல்ஸிலும் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களிலும் பெரும்பாலான மக்கள் வேறு மொழிகளையே பேசினார்கள். கடல் கடந்தால் ஆங்கிலத்தால் பெரிய பயன் ஒன்றும் இல்லை; ஐரோப்பிய அறிஞர்கள் லத்தீனில் எழுதினார்கள், இந்தியக் கடற்கரைத் துறைமுகங்களில் வணிகர்கள் போர்த்துகீசியத்தில் பேரம் பேசினார்கள். இன்று ஓரளவேனும் ஆங்கிலம் பேசக்கூடியவர்கள் ஏறத்தாழ 150 கோடிப் பேர் என்றும், அவர்களுள் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 40 கோடி அளவில்தான் என்றும் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். அதாவது, இந்த மொழியைப் பேசுவோரில் பெரும்பான்மையினர் அதைப் பிறகு கற்றுக்கொண்டவர்கள். உலக மொழிகளில் இது அரிதான நிலைமை.

புறப்பட்ட ஆங்கிலமே கலப்பில்லாத மொழி அன்று என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மானியக் குடிகள் 5ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த மொழியின்மேல் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் மொழி படிந்தது. 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் வென்றபின் பிரெஞ்சு படிந்தது. 'அவர்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் 'தே' என்ற சொல்லே வைக்கிங்குகள் விட்டுச்சென்றது. சொற்களைக் கடன் வாங்குவது எல்லா மொழிக்கும் வழக்கம். படர்க்கைப் பெயரையே கடன் வாங்குவது, வீட்டுக்குள் அந்நியர் வந்து குடியிருந்து பிள்ளை பெற்று வளர்த்தால்தான் நடக்கும்.

இனி, அது வெளியேறிய வழிகளைப் பார்க்கலாம். முதல் வழி, குடும்பத்தோடு கப்பலேறிய குடியேறிகளின் வழி. 1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனிலும் 1620இல் பிளிமத்திலும் இறங்கியவர்கள் தங்கள் காலத்து இங்கிலாந்தின் பேச்சைத்தான் கொண்டுசென்றார்கள். அமெரிக்கர்கள் ஆங்கிலத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று நம் ஊரில் பரவலாக ஒரு நினைப்பு உண்டு. பல இடங்களில் நடந்தது அதற்கு நேர்மாறானது. சொல்லின் இறுதியில் வரும் ரகரத்தை அமெரிக்கர்கள் அழுத்தி ஒலிப்பதும் லண்டன்காரர்கள் விழுங்கிவிடுவதும் நமக்குத் தெரியும். குடியேறிகள் புறப்பட்ட காலத்தில் இங்கிலாந்திலும் பெரும்பாலோர் அந்த ரகரத்தை ஒலித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது தேய்ந்தது 18ஆம் நூற்றாண்டில். 1791இல் உச்சரிப்பு அகராதி வெளியிட்ட ஜான் வாக்கர், லண்டன் பேச்சில் ரகரம் மிகவும் தளர்ந்துவிட்டதைக் குறிப்பிடுகிறார். லண்டனோடு வணிகத்திலும் நாகரிகத்திலும் நெருக்கமாக இருந்த பாஸ்டன் முதலிய துறைமுக நகரங்கள் அந்தப் புதுப் பாணியைப் பின்பற்றி ரகரத்தை விட்டன. உள்நாட்டுக்கு நகர்ந்தவர்களையும், வட அயர்லாந்திலிருந்து பெருங்கூட்டமாக வந்தவர்களையும் அந்தப் பாணி எட்டவில்லை. இலையுதிர் காலத்துக்கு அமெரிக்கர் சொல்லும் 'ஃபால்' என்ற சொல்லும், 'கெட்' என்ற வினைக்கு அவர்கள் வழங்கும் 'காட்டன்' என்ற வடிவமும் இப்படியே. தாயகத்தில் மங்கிப்போன பின்னும் அவை புதிய நாட்டில் தங்கிவிட்டன. யாழ்ப்பாணத்துத் தமிழில் பழைய வழக்குகள் சில நிலைத்திருப்பதைக் கவனித்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

எழுத்துக்கூட்டலின் வேறுபாடு மட்டும் திட்டமிட்டுச் செய்யப்பட்டது. நோவா வெப்ஸ்டர் என்ற பள்ளி ஆசிரியர், அரசியல் விடுதலை பெற்ற நாடு எழுத்திலும் விடுதலை பெற வேண்டும் என்று கருதினார். 1828இல், தம் எழுபதாவது வயதில், சுமார் 70,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டார். 'கலர்' என்ற சொல்லிலிருந்து 'யூ' என்ற எழுத்து போனதும், 'சென்டர்' என்ற சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறியதும் நிலைபெற்றது அவரால்தான். நாக்கையும் பெண்களையும் குறிக்கும் சொற்களைக்கூட ஒலிக்கிறபடியே எழுதச் சொன்னார். அவற்றை ஒருவரும் ஏற்கவில்லை. எழுத்துச் சீர்திருத்தம் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை நாமும் கண்டிருக்கிறோம்.

ஆஸ்திரேலியாவின் கதை காலத்தால் பிந்தியது. 1788 ஜனவரி 26 அன்று சிட்னி விரிகுடாவில் 11 கப்பல்கள் கொண்டுவந்து இறக்கிய கூட்டத்தில் பெரும்பாலோர் தண்டனைக் கைதிகள். லண்டனையும் தென்கிழக்கு இங்கிலாந்தையும் சேர்ந்தவர்கள் மிகுதி, பின்னால் அயர்லாந்துக்காரர்களும் சேர்ந்தார்கள். புறப்படுவதற்கு முன்பே இங்கிலாந்தில் ரகரம் தேய்ந்துவிட்டதால் ஆஸ்திரேலியரும் அதை ஒலிப்பதில்லை. லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே சுமார் 50 கி.மீ. தொலைவுதான், ஆனால் பேச்சைக் கேட்டே யார் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம்; சிட்னிக்கும் பெர்த்துக்கும் இடையே 3,000 கி.மீட்டருக்கும் மேல், ஆனால் பேச்சில் பெரிய வேறுபாடு இல்லை. ஊர்ப்பேச்சு வேரூன்ற நூற்றாண்டுகள் வேண்டும். ஒரே இடத்தில் கலந்துவிடப்பட்ட பல வட்டாரத்தாரின் பிள்ளைகள், பெற்றோரைப் போலப் பேசாமல் தங்களுக்குள் ஒரு பொதுப் பேச்சை அமைத்துக்கொள்கிறார்கள்.

இது வெறும் ஊகம் அன்று. நியூசிலாந்து வானொலியின் நடமாடும் ஒலிப்பதிவுக் குழு 1946 முதல் 1948 வரை சிற்றூர்களுக்குச் சென்று முதியவர்களின் நினைவுகளைத் தட்டுகளில் பதிவுசெய்தது. அவர்களில் சிலர் 1850களில் பிறந்தவர்கள். ஐரோப்பியர் அங்கே குடியேறத் தொடங்கியபின் பிறந்த முதல் தலைமுறை. பல பத்தாண்டுகள் கழித்து அந்தத் தட்டுகளைக் கேட்டு ஆராய்ந்த கேன்டர்பரி பல்கலைக்கழகத்தார், ஒரே ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட ஒருவரைப்போல் ஒருவர் பேசவில்லை என்று கண்டார்கள். ஒருவரிடம் ஸ்காட்லாந்து உயிரொலியும் லண்டன் மெய்யொலியும் கலந்திருக்கும். இன்னொருவரிடம் வேறு கலவை. அடுத்த தலைமுறைகளில்தான் அது ஒரே பேச்சாக இறுகியது. ஒரு மொழிவகை பிறக்கிற நேரத்தின் குரல் பதிவாகி நமக்குக் கிடைத்திருப்பது மிகவும் அரிது; எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சான்று இதுதான்.

இரண்டாவது வழி கொடிய வழி. ஆங்கிலேயர் 1627இல் குடியேறிய பார்படோஸிலும் 1655இல் கைப்பற்றிய ஜமைக்காவிலும் வைத்த கரும்புத் தோட்டங்களுக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் ஒரே மொழியினர் அல்லர். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவும் கங்காணியின் கட்டளையைப் புரிந்துகொள்ளவும் அவர்களுக்குக் கிடைத்தது காதில் விழுந்த ஆங்கிலச் சொற்கள்தாம். அதற்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அந்தச் சொற்களைத் தங்கள் மொழிகளின் பழக்கத்தில் கோத்து அவர்கள் அமைத்த பேச்சு, பிள்ளைகளின் தாய்மொழியாகி, கிரியோல் என்ற முழு மொழியாக வளர்ந்தது. ஜமைக்காவில் உண்பதற்கு 'ந்யாம்' என்கிறார்கள். அது ஆப்பிரிக்கச் சொல். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஆங்கிலேயருக்கு முன்பே போர்த்துகீசியர் வணிகம் செய்ததால், அறிவதற்குச் 'சாபி', குழந்தைக்குப் 'பிக்கின்' என்ற போர்த்துகீசிய வழிச் சொற்களும் இந்தப் பேச்சுகளில் தங்கியிருக்கின்றன. இதைக் கொச்சை ஆங்கிலம் என்று தள்ளிவிடுபவர்கள் அதன் இலக்கணத்தை ஒருமுறையேனும் கவனித்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

கவனிக்க ஒரு நல்ல இடம் முன்னிலைப் பெயர். பழைய ஆங்கிலத்தில் நம்மைப்போலவே ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று என இரண்டு சொற்கள் இருந்தன. மரியாதைக்காகப் பன்மையைப் பயன்படுத்திப் பயன்படுத்தி ஒருமைச் சொல் வழக்கொழிந்தது. 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் 'யூ' என்ற ஒரே சொல் மிஞ்சியது. எழுதப்படும் பொது ஆங்கிலம் இந்தக் குறையை இன்றுவரை சரிசெய்யவில்லை. ஆனால் பேச்சு சரிசெய்துவிட்டது. அமெரிக்காவின் தென்பகுதியார் 'யால்' என்கிறார்கள். அயர்லாந்தில் 'யூஸ்' என்கிறார்கள். ஜமைக்காவில் 'உனு' என்கிறார்கள், இது நைஜீரியாவின் இக்போ மொழியில் 'நீங்கள்' என்று பொருள்படும் சொல். நைஜீரியப் பிட்ஜின் என்ற கலப்பு ஆங்கிலப் பேச்சில் 'உனா'. பள்ளிக்கூட ஆங்கிலத்தால் சொல்ல முடியாத வேறுபாட்டைப் 'படிக்காதவர்களின்' ஆங்கிலம் சொல்லிவிடுகிறது.

பாப்புவா நியூ கினியின் டோக் பிசின் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களிலும் பசிபிக் தீவுகளின் தென்னந்தோட்டங்களிலும் கூலிகளாக இருந்த, தென்மேற்குப் பசிபிக் தீவினரான மெலனேசியர்களிடையே உருவாகி வளர்ந்த பேச்சு அது. 800க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் அந்த நாட்டில் இன்று நாடாளுமன்றத்திலும் ஒலிக்கிறது. அதில் 'யுமி' என்றால் கேட்பவரையும் உட்படுத்திய 'நாம்'. 'மிபெலா' என்றால் கேட்பவரை விலக்கிய 'நாங்கள்'. சொற்கள் ஆங்கிலத்திலிருந்து வந்தவை, வேறுபாடு மெலனேசிய மொழிகளிலிருந்து வந்தது. லண்டனில் பிறந்த ஒருவருக்கு இந்த வேறுபாட்டை நான்கு வாக்கியங்களில் விளக்க வேண்டியிருக்கும்; தமிழருக்கு இரண்டு சொற்களில் விளங்கிவிடும். மருத்துவமனைக்கு அங்கே 'ஹவுஸ் சிக்', நோயின் வீடு.

மூன்றாவது வழி நமக்குப் பழக்கமான வழி: அரசு அலுவலகமும் பள்ளிக்கூடமும். இங்கே ஆங்கிலேயர் குடும்பங்களாக வந்து குடியேறவில்லை. ஆண்டார்கள், வணிகம் செய்தார்கள், திரும்பினார்கள். ஆகவே மொழி மக்கள் வாய்வழியாகப் பரவாமல் பாடப்புத்தகம் வழியாகப் பரவியது. இந்தியக் கல்வியில் ஆங்கிலத்தைப் புகுத்தச் சொல்லி 1835 பிப்ரவரியில் மெக்காலே எழுதிய குறிப்பையே எல்லாவற்றுக்கும் தோற்றுவாயாகக் காட்டுவது வழக்கம். அது அரைகுறையான வரலாறு. சென்னைக் கோட்டையில் புனித மேரி தேவாலயத்தைச் சார்ந்த தருமப் பள்ளி 1715இலேயே தொடங்கிவிட்டது. கல்கத்தாவில் இந்தியப் பெரியவர்களே முயன்று 1817இல் இந்துக் கல்லூரியைத் திறந்தார்கள். சமஸ்கிருதக் கல்லூரி வேண்டாம், மேலை அறிவியல் கற்பியுங்கள் என்று ராம்மோகன் ராய் 1823இல் தலைமை ஆளுநருக்கு எழுதினார். மெக்காலே ஆட்சியின் தேவைக்காகத் திறந்த கதவை உள்ளிருந்தும் பலர் தட்டிக்கொண்டிருந்தார்கள். 1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் தோன்றியபின் ஆங்கிலம் வேலைக்கான வாயிலாயிற்று.

இப்படிப் பள்ளிவழி வந்த ஆங்கிலத்தில் கற்றவரின் தாய்மொழி அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தின் டகரம் மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் பிறக்கிறது. நம்மிடம் பல்லில் பிறக்கும் தகரமும் நாவை வளைத்துப் பிறக்கும் டகரமும் இருக்கின்றன, பெரும்பாலோர் பேச்சில் நடுவில் ஒன்றும் இல்லை. ஆகவே டாக்டரும் டிக்கெட்டும் நாம் பேசும்போது நா வளைந்தே வருகின்றன. ஆங்கிலேயர் ஒரு சொல்லின் ஓர் அசையை ஓங்கி அடித்து மற்றவற்றை மழுக்குவார்கள். நாமோ எல்லா அசைகளுக்கும் உரிய மதிப்பைக் கொடுத்து நிதானமாகச் சொல்கிறோம். 'ஐ ஆம் கமிங் டுடே ஒன்லி' என்று ஒருவர் சொன்னால் அவர் மனத்தில் 'இன்றைக்குத்தான் வருகிறேன்' என்பது இருக்கிறது. அந்தத் 'தான்' என்ற இடைச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லாததால் 'ஒன்லி' அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டது. 'கசின் பிரதர்' என்பதும் அப்படியே. சித்தப்பா மகனைத் தம்பி என்றும் மாமன் மகனை மச்சான் என்றும் பிரித்துப் பழகியவர்களுக்கு 'கசின்' என்ற ஒற்றைச் சொல் போதவில்லை. தள்ளிப்போடுவதற்கு எதிராக முன்தள்ளுவதைக் குறிக்க 'பிரிபோன்' என்ற சொல் இங்கே பரவலானது. பயனுள்ள சொல், அதற்காக வெட்கப்பட ஒன்றும் இல்லை. அலுவலகக் கடிதத்தின் 'டு தி நீட்ஃபுல்' மட்டும் நம் கண்டுபிடிப்பு அன்று. பழைய பிரிட்டிஷ் கடித நடையில் இருந்து, அங்கே அருகி, இங்கே தங்கியது.

தாய்மொழியின் இலக்கணம் ஆங்கிலத்துக்குள் புகுவதை இந்தியர்களின் தனிக்குறையாக எண்ண வேண்டியதில்லை. அயர்லாந்தில் ஐரிஷ் பேசியவர்கள் ஆங்கிலத்துக்கு மாறியபோது இதே செயல்தான் நடந்தது. 'இப்போதுதான் சாப்பிட்டேன்' என்பதை அவர்கள் 'ஐ ஆம் ஆஃப்டர் ஈட்டிங்' என்கிறார்கள். ஐரிஷ் வாக்கிய அமைப்பின் நேர்ப்பெயர்ப்பு அது. அதை உலகம் அழகு என்று ரசிக்கிறது, நம் 'ஒன்லி'யைப் பார்த்துச் சிரிக்கிறது. வேறுபாடு இலக்கணத்தில் இல்லை.

சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாப் பள்ளிகளுக்கும் ஆங்கிலமே பயிற்றுமொழி. அங்கே ஹொக்கியன் என்ற சீன மொழிவகையும் மலாயும் தமிழும் சேர்ந்து செய்த பேச்சு ஆங்கிலத்தில் 'ஐ ஈட் ஆல்ரெடி' என்றால் 'சாப்பிட்டாயிற்று'. இந்த 'ஆல்ரெடி', செயல் முடிந்ததைக் காட்டும் சீன மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் நம் 'ஆச்சு' செய்யும் வேலையும் ஏறக்குறைய அதுவே. 'கேன்?' என்று கேட்டால் 'கேன்' என்று விடை வரும், நாம் 'முடியுமா?' 'முடியும்' என்பதுபோல. நம் 'குண்டு' அங்கே 'கூண்டு' ஆகி, பருமனை விட்டு முட்டாளைக் குறிக்கிறது. அரசுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. 2000இல் நல்ல ஆங்கிலம் பேசுவோம் என்று ஓர் இயக்கத்தையே தொடங்கியது. பேச்சு ஒழியவில்லை. மாறாக, 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அந்த ஊர்ச் சொற்கள் பலவற்றை ஏற்றுக்கொண்டது; நம் 'ஐயோ'வும் அவ்வாண்டே அந்த அகராதியில் இடம்பெற்றது.

நைஜீரியாவில் நாளை மறுநாளுக்கு 'நெக்ஸ்ட் டுமாரோ', போக்குவரத்து நெரிசலுக்குக் 'கோ-ஸ்லோ'. தெருவில் நீங்கள் கால் இடறினால், பக்கத்தில் வருபவர் 'சாரி' என்பார்; தவறு அவருடையது அன்று, நாம் 'அச்சச்சோ' என்பதற்கு அது ஈடு. பிலிப்பைன்ஸுக்கு ஆங்கிலம் பிரிட்டனிலிருந்து வரவில்லை. 1898இல் ஸ்பெயினிடமிருந்து அந்தத் தீவுகளைக் கைப்பற்றிய அமெரிக்கா, 1901இல் தாமஸ் என்ற படைக்கப்பலில் சுமார் 500 பள்ளி ஆசிரியர்களை அனுப்பியது. அங்கே இன்றும் ரகரம் அழுத்தமாக ஒலிப்பதற்கு அதுவே காரணம்.

தமிழரை நேரடியாகத் தொடும் ஒரு கதையும் உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச்சேர்ந்த ட்ரூரோ என்ற கப்பலில் தொடங்கி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தோர், 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் தமிழையும் தெலுங்கையும் போஜ்புரியையும் விட்டு ஆங்கிலத்தையே வீட்டுமொழியாகக் கொண்டார்கள். இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய சட்டத்தால் வெள்ளையர் பேச்சோடு கலக்காமல் அவர்கள் ஆங்கிலம் தனித்தே வளர்ந்தது. ராஜேந்த் மெஸ்த்ரி என்ற மொழியியலாளர் அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 'ஃபாஸ்ட்-ஃபாஸ்ட்' என்ற அடுக்குத்தொடரும், ஊர்ப்பெயருக்குப் பின்னால் 'சைட்' சேர்த்து 'டர்பன் பக்கம்' என்று பொருள் கொள்வதும் அதில் இயல்பு. தமிழ் தெரியாத வாய்களில் தமிழ் உள்ளிட்ட மொழிகளின் வாக்கியப் பழக்கம் இப்படித் தங்கியிருக்கிறது.

பேரரசு கலைந்தபின் ஆங்கிலமும் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்காததற்கு முதற்காரணம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பணத்திலும் அறிவியலிலும் கணினியிலும் முன்னின்ற அமெரிக்காவும் அதே மொழி பேசியது. இன்னொரு காரணம், புதிதாக விடுதலை பெற்ற பல நாடுகளில், எந்தக் குழுவுக்கும் சொந்தமில்லாத மொழி என்ற ஒரு பயன் அதற்கு இருந்தது. இந்திய அரசமைப்பின் 343ஆம் பிரிவு ஆங்கிலத்துக்கு 15 ஆண்டுகளே தவணை கொடுத்தது. 1965இல் அந்தத் தவணை முடிந்தபோது தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்பது தெரிந்ததே, 1967இன் சட்டத்திருத்தம் அதன் விளைவு. இலங்கையில் 1956இன் தனிச்சிங்களச் சட்டம் ஆங்கிலத்தை அகற்றி இரண்டு சமூகங்களையும் பிரித்தபின், 1987இன் 13ஆம் திருத்தம் அதை இணைப்பு மொழி என்று திரும்ப அழைத்தது. அதே நாட்டில், ஆங்கிலத்தைச் சிங்களப் பேச்சில் 'கடுவ', அதாவது வாள், என்று சொல்லும் வழக்கமும் உண்டு. தெரிந்தவன் கையில் ஆயுதம், தெரியாதவன் கழுத்துக்கு ஆபத்து. இந்த வாளின் பக்கத்தை மறந்துவிட்டு ஆங்கிலப் பரவலை வெறும் வெற்றிக்கதையாகச் சொல்வது நேர்மையாகாது. இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படி ஆங்கிலத்தைத் தாய்மொழி என்றவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர். இரண்டாம், மூன்றாம் மொழியாகச் சொன்னவர்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 12.9 கோடி. பத்தில் ஒருவருக்கே தெரிந்த மொழியில் உயர் நீதிமன்றமும் உயர்கல்வியும் நடந்துகொண்டிருக்கின்றன.

இனிக் கடைசிக் கேள்வி. ஸ்ரீநகரில் பிறந்து அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரஜ் கச்ரு, 1985இல் ஆங்கில உலகை மூன்று வட்டங்களாக வரைந்தார்: தாய்மொழியாகப் பேசும் உள்வட்டம், இந்தியா நைஜீரியா போன்ற வெளிவட்டம், சீனா ஜப்பான் போன்ற விரியும் வட்டம். வெளிவட்டத்தார் தங்களுக்கான நெறியைத் தாங்களே வகுத்துக்கொள்ளத் தகுதியுடையவர்கள் என்பது அவர் வாதம். லண்டனில் புகழ்பெற்ற இலக்கண அறிஞரான ராண்டால்ஃப் குவர்க் 1990இல் இதை மறுத்தார். கற்கும் ஏழைப் பிள்ளைக்குப் பொதுத்தர ஆங்கிலத்தை மறுப்பது அவனுக்குச் செய்யும் தீங்கு என்றார். மறு ஆண்டே கச்ரு கடுமையாக விடையளித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின் பார்க்கையில், இருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. குவர்க்கின் கவலை எழுத்தைப் பற்றியது, கச்ருவின் வாதத்தின் வலிமை பேச்சில் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேடையில் ஒரு தமிழும் திண்ணையில் ஒரு தமிழும் பேசி, இரண்டிலும் பிழையில்லாமல் வாழ்பவர்கள் நாம். அச்சில் வரும் ஆங்கிலம் டெல்லியிலும் லாகோஸிலும் டப்ளினிலும் பெரும்பாலும் ஒன்றே. அதைப் படித்துத்தான் ஆக வேண்டும். பேசும் ஆங்கிலத்துக்கு அப்படி ஒரே தலைநகர் இல்லை.

உயர்வு தாழ்வு என்பது ஒலியில் இல்லை என்பதற்கு 1962இல் நியூயார்க்கில் வில்லியம் லபோவ் செய்த சோதனையே போதும். மூன்று தரத்துப் பெருங்கடைகளுக்குச் சென்று, நான்காம் மாடியில் உள்ள பொருளைப் பற்றிக் கேட்டு, பணியாளர்களை 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று சொல்லவைத்தார். விலை உயர்ந்த கடையில் ரகரம் மிகுதியாக ஒலித்தது, மலிவான கடையில் குறைந்தது. லண்டனிலோ மேட்டிமையின் அடையாளம் ரகரத்தை விடுவது. பிரிட்டனின் 'தர உச்சரிப்பு' என்று நம் பள்ளிகள் போற்றிய பேச்சை அந்த நாட்டிலேயே பேசுபவர்கள் 3 விழுக்காடு அளவில்தான் என்பது மொழியியலாளர் தரும் மதிப்பீடு. அதை நம் பிள்ளைகள் பின்பற்ற வேண்டும் என்று கேட்பதில் பொருள் இல்லை.

புரியும்படி பேசுவதில் கவனம் வைக்கலாம். பல நாட்டார் ஆங்கிலத்தில் உரையாடும்போது எங்கே பொருள் தவறுகிறது என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், மெலிந்ததைச் சொல்லும் 'தின்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலொலியை நாம் தகரமாகச் சொல்வதால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை என்றும், உயிரொலியின் நீளத்தை மாற்றினால் குழப்பம் வருகிறது என்றும் 2000இல் எழுதினார். குறில் நெடில் கற்று வளர்ந்தவர்களுக்குக் கப்பலைச் சொல்லும் 'ஷிப்'பும் ஆட்டைச் சொல்லும் 'ஷீப்'பும் தொல்லை தருவதில்லை. நமக்குத் தொல்லை வேறு இடத்தில்: 'பேர்' என்று தமிழில் எழுதினால் அது பேரிக்காயா, கரடியா என்பது தெரியாது, நம் எழுத்து ஒன்றாகக் காட்டும் அந்த இரண்டு ஒலிகளைப் பேச்சில் பிரிக்கப் பழக வேண்டும். எழுத்துக்கூட்டலில் பிரிட்டிஷ் முறையோ அமெரிக்க முறையோ ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ஆங்கிலம் உயிரையே காக்க வேண்டிய இடத்தில் என்ன அளவுகோல் வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவூதி விமானமும் கசாக்ஸ்தான் விமானமும் வானில் மோதி 349 பேர் இறந்தார்கள். கசாக் விமானம் தனக்கு ஒதுக்கிய உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது, அதன் பணியாளர்களின் ஆங்கில அறிவு போதாமை காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆறு படிகள் கொண்ட ஆங்கிலத் தகுதி அளவுகோலை வகுத்து, நான்காம் படியைக் கட்டாயமாக்கியது. அந்தப் படியின் விதியில், பேசுபவரின் தாய்மொழிச் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம், அது எப்போதாவது மட்டுமே புரிதலுக்குத் தடையாகலாம் என்றிருக்கிறது. பிற நாட்டாருக்கு விளங்கும்படி பேச வேண்டிய கடமையை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட விமானிக்கும் அந்த அமைப்பு விதித்திருக்கிறது.